பெங்களூரிலிருந்து நெல் வைப்பவர்களுக்கு: நடவு வயலில் களைக்கொல்லி இடும் முறை

பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டே தஞ்சை, திருவாரூர், திருவண்ணாமலைப் பக்கத்துப் பூர்வீக நிலத்தில் நெல் வைக்கும் தமிழர்கள் இன்று கணிசமாக இருக்கிறார்கள். மண்டியாப் பக்கம் வாய்க்கால் பாசன நிலம் வாங்கி முதன்முதலாக நடவு வைப்பவர்களும் உண்டு. இவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "எந்தக் களைக்கொல்லி நல்லது?" என்பதைத்தான். உண்மையில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. கடையில் கிடைக்கும் பதிவு பெற்ற நெல் களைக்கொல்லிகளில் பெரும்பாலானவை, உரிய நாளில் உரிய தண்ணீர்க் கட்டில் இட்டால் சொன்னபடி வேலை செய்யும். நாள் தவறினாலோ தண்ணீர் வடிந்தாலோ விலை உயர்ந்த மருந்தும் வீணாகும். நானூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு நாளும் தண்ணீரும்தான் கைக்கு எட்டாதவை. ஆகவே இந்தக் கட்டுரை அந்த இரண்டையும் முன்னிறுத்தி எழுதப்பட்டது.

நடவு நாளை முதலில் முடிவு செய்யுங்கள்

நட்ட நாளைப் பூச்சியமாக வைத்துக்கொண்டால், களை முளைக்கும் முன் இடும் மருந்துகளுக்கு உரிய காலம் நட்ட 3ஆம் நாள் முதல் 5ஆம் நாள் வரை. முளைத்த களை மீது தெளிக்கும் மருந்துகளுக்கு ஏறக்குறைய 15 முதல் 20 நாள் வரை. களை இரண்டு முதல் நான்கு இலைப் பருவத்தில் இருக்க வேண்டும் என்பதே அங்கு உண்மையான அளவுகோல். மிச்சம் மீதிக் களையைக் கையால் எடுப்பது 30 முதல் 35ஆம் நாளுக்குள். நட்டதிலிருந்து 40 நாள் வரை வயல் களையின்றி இருந்தால், அதன்பின் நெற்பயிரே தூர்கட்டி நிழல் பரப்பிக் களையை அடக்கிவிடும்.

இனி நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள். நடவைப் புதன்கிழமை வைத்தால் மூன்றாம் நாள் சனிக்கிழமை. பதினேழாம் நாளும் சனிக்கிழமை. முப்பத்தொன்றாம் நாளும் சனிக்கிழமை. வெள்ளி இரவு பேருந்திலோ மயிலாடுதுறை ரயிலிலோ ஏறி, மூன்று முக்கிய வேலைகளுக்கும் நேரில் நிற்கலாம். ஞாயிற்றுக்கிழமை விடுப்பு இருக்கிறதே என்று அன்று நடவு வைப்பவர்களுக்கு மருந்து போடும் நாள் புதன் அல்லது வியாழனில் விழும். அந்த வேலை முழுக்கத் தொலைபேசி வழியாகத்தான் நடக்கும். நடவு ஆள் கிடைக்கும் நாளும் ஆற்றுத் தண்ணீர் முறை வரும் நாளும் நம் விருப்பத்துக்கு வளையா என்பது உண்மைதான். ஆயினும் செவ்வாய், புதன், வியாழன் என்ற மூன்று நாட்களுக்குள் நடவை அமைத்துத் தரும்படி ஊரில் இருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பதில் தவறில்லை.

மருந்துக்கு முன்னால் வயல்

களை முளைக்கும் முன் இடும் மருந்து சேற்றின் மேற்பரப்பில் ஒரு மெல்லிய படலமாகப் படிந்து நிற்கிறது. மேலே ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் கிடக்கும் களை விதை முளைத்து அந்தப் படலத்தைத் துளைக்கும்போது சாகிறது. நெல் நாற்றுக்கோ வேர் அதற்குக் கீழே இருக்கிறது. நாற்றும் மூன்று நான்கு இலை விட்டு, மருந்தைச் சிதைக்கும் வலுப் பெற்றிருக்கிறது. இந்த ஒரு செய்தியைப் புரிந்துகொண்டால் மற்ற விதிகள் தாமாகவே விளங்கும். வயல் மேடும் பள்ளமுமாக இருந்தால் மேட்டில் படலம் காய்ந்து வெடிக்கும், அங்கே களை கிளம்பும். பள்ளத்தில் மருந்து மிகுந்து நாற்று மஞ்சளாகும். ஆகவே கடைசிச் சேற்றுழவுக்குப் பின் பரம்படித்துச் சமன்படுத்தும் கூலியைக் குறைக்க நினைக்க வேண்டாம். உழவுகளுக்கு இடையே ஒரு வாரம் பத்து நாள் தண்ணீர் வைத்து, முளைத்த களையை மடக்கி உழுவது மருந்தின் சுமையைக் குறைக்கும் பழைய வழக்கம்.

நாற்றங்காலையும் ஒருமுறை பார்க்க வேண்டும். நெல்லோடு முளைக்கும் குதிரைவாலிப் புல் நாற்றுப் பருவத்தில் நெல்லைப் போலவே இருக்கும். நாற்றுக் கட்டோடு வந்து நடவாகிவிட்டால், அதற்கும் வேர் கீழே இறங்கிவிட்டதால் முளைக்கும் முன் இடும் மருந்து அதைத் தொடாது. அடையாளம் எளிது. நெல்லின் இலைத்தாளும் உறையும் சேரும் இடத்தில் வெண்மையான சிறு நாக்கு போன்ற சவ்வும் இருபுறம் மயிரிழைக் காதுகளும் இருக்கும். இந்தப் புல்லில் அவை இரண்டும் இராது. நாற்றுப் பறிக்கும் முன் ஒரு மணி நேரம் நாற்றங்காலில் இறங்கி இதைப் பார்த்துப் பிடுங்குவது நல்ல முதலீடு.

எந்தக் களை, எந்த மருந்து

நெல் வயலின் களைகள் மூன்று கூட்டம். புல் வகையில் குதிரைவாலிப் புல் இனங்கள். கோரை வகையில் ஊசிக்கோரை, வட்டக்கோரை போன்றவை, இவற்றின் தண்டை விரலில் உருட்டினால் மூன்று விளிம்பு தட்டுப்படும். அகன்ற இலை வகையில் ஆரைக்கீரை, நீர்மேல் நெருப்பு, நீர்க்கிராம்பு, கரிசலாங்கண்ணி. சென்ற பருவத்தில் எது மிகுந்திருந்தது என்று நிலத்தைப் பார்ப்பவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

முளைக்கும் முன் இடுபவற்றில் பழையது பியூட்டாகுளோர் 50 ஈ.சி. (நீரில் கலக்கும் எண்ணெய் போன்ற திரவம்; 50 என்பது வீரியப் பொருளின், அதாவது களையைக் கொல்லும் வேதிப்பொருளின் சதம்); ஏக்கருக்கு 1 லிட்டர். பிரெட்டிலாகுளோர் 50 ஈ.சி. ஏக்கருக்கு 400 முதல் 600 மில்லி. இவை இரண்டும் ஒரே வேதிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. புல்லை நன்றாகவும் மற்றவற்றை ஓரளவும் தடுக்கும். பைரசோசல்ஃபியூரான் எத்தில் 10 சதத் தூள் ஏக்கருக்கு 60 கிராம் வரை. கோரையும் அகன்ற இலையும் மிகுந்த வயலுக்கு ஏற்றது. பென்சல்ஃபியூரான் மீத்தைலும் பிரெட்டிலாகுளோரும் கலந்த குருணை ஏக்கருக்கு 4 கிலோ. இதை மட்டும் நட்ட மூன்று நாளுக்குள் போட்டுவிட வேண்டும். முதல் பருவம் வைப்பவருக்கு நான் குருணையைத்தான் பரிந்துரைப்பேன்: அளப்பதற்கும் கலப்பதற்கும் ஒன்றுமில்லை, எட்ட இருந்து சொல்லிச் செய்விப்பதற்கும் இதுவே எளிது.

பிரெட்டிலாகுளோரில் ஒரு கண்ணி இருக்கிறது. நெல்லைக் காக்கும் பாதுகாப்புப் பொருள் சேர்ந்தது ஒன்று, சேராதது ஒன்று என இரண்டு வகை உண்டு. சேர்ந்தது நாற்றங்காலுக்கும் நேரடி விதைப்புக்கும் உரியது. சேராத 50 ஈ.சி. நடவு வயலுக்கு மட்டுமே. பாட்டிலில் மிஞ்சியதை அடுத்த முறை நாற்றங்காலில் ஊற்றினால் களையோடு நாற்றும் போய்விடும். அதேபோலக் கிளைஃபோசேட், பாராகுவாட் போன்ற எல்லாப் பசுமையையும் கருக்கும் மருந்துகளை நட்ட வயலுக்குள் கொண்டுவரவே கூடாது.

வாங்குவதும் கணக்கிடுவதும்

மருந்தைப் பெங்களூரில் வாங்கி மூட்டை கட்ட வேண்டாம். கரைப்பான் கலந்த நச்சுத் திரவத்தைப் பயணிகளோடு பேருந்திலோ ரயிலிலோ கொண்டு போவது ஆபத்து. தவிர, ஏதேனும் குறை ஏற்பட்டால் கேட்கப் பக்கத்தில் கடை இருக்க வேண்டும். வயலுக்கு அருகில் உரிமம் பெற்ற கடையில், தொகுதி எண்ணும் காலாவதி நாளும் எழுதிய ரசீதோடு வாங்குங்கள். பாட்டிலோடு வரும் துண்டுப் பிரசுரத்தில் நடவு நெல் என்று பயிர் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். லேபிளின் சாய்சதுரத்தில் உள்ள நிறம் நச்சின் கடுமையைக் காட்டுகிறது: சிவப்பு மிகக் கடுமை, அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. பச்சை என்றால் பாதுகாப்பு என்று பொருளல்ல.

அளவில் நேரும் குழப்பம் பெரும்பாலும் நில அளவிலிருந்து வருகிறது. பல்கலைக்கழகப் பரிந்துரைகள் ஹெக்டேரில் இருக்கும். கடைக்காரர் ஏக்கரில் பேசுவார். டெல்டாவில் மா என்பார்கள். மண்டியாவில் குண்டே என்பார்கள். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர். ஒரு ஏக்கர் 100 சென்ட், அல்லது ஏறக்குறைய 3 மா, அல்லது 40 குண்டே. பரிந்துரை சில வேளை வீரியப் பொருளின் எடையில் இருக்கும். பியூட்டாகுளோர் ஹெக்டேருக்கு 1.25 கிலோ வீரியப் பொருள் என்றால், 50 சத மருந்தில் அது 2.5 லிட்டர், ஏக்கருக்கு ஒரு லிட்டர். வயல் 2 மா என்றால் அதில் மூன்றில் இரண்டு பங்கு, சுமார் 670 மில்லி. இந்தக் கணக்கை நீங்களே போட்டு, மருந்து வாங்கும் முன் வாட்சப்பில் எழுத்தாக அனுப்பிவிடுங்கள். "கொஞ்சம் கூடவே ஊத்துங்க, நல்லா புடிக்கும்" என்ற கடைத்திண்ணை யோசனையை ஏற்க வேண்டாம்.

மூன்றாம் நாள்

மருந்து இடும் நாளில் வயலில் சுமார் 2.5 சென்டிமீட்டர் தண்ணீர், அதாவது சேறு தெரியாமல் மூடும் மெல்லிய பரப்பு, நிற்க வேண்டும். வாய்மடையையும் வடிமடையையும் அடைத்து, வரப்பில் நண்டு வளை இருந்தால் சேறு வைத்துப் பூசிவிட வேண்டும். மருந்துத் தண்ணீர் பெரும்பாலும் இந்த வளைகள் வழியாகத்தான் பக்கத்து வயலுக்குப் போகிறது. திரவ மருந்தை ஏக்கருக்கு 20 கிலோ உலர்ந்த மணலில் அன்றன்றே கலந்து, கையுறை அணிந்து, வரப்போரம் விடாமல் சீராக விசிறலாம். தார்ப்பாய் மேல் மணலைப் பரப்பி மருந்தைச் சிறிது சிறிதாக ஊற்றி மண்வெட்டியால் புரட்டுவது நல்லது. வெறுங்கையால் பிசைவது பல ஊர்களில் வழக்கமாக இருந்தாலும் அதை நீங்கள் அனுமதிக்கக் கூடாது. கையுறையும் முகக்கவசமும் நீங்கள் வாங்கிக் கொடுக்க வேண்டியவை, கூலியாளின் பொறுப்பில் விடக் கூடியவை அல்ல. விசிறும்போது பாதி மணலை நெடுக்காகவும் பாதியைக் குறுக்காகவும் போட்டால் விட்டுப்போன இடம் குறையும்.

அதன்பின் குறைந்தது இரண்டு நாளைக்குத் தண்ணீரை வடிக்கவும் கூடாது, புதிதாக விடவும் கூடாது. வடித்தால் மருந்து வெளியேறும். புதுத் தண்ணீர் விட்டால் படலம் கலைந்து ஓரிடத்தில் சேரும். சேற்றில் நடப்பதையும் இந்த நாட்களில் தவிர்க்க வேண்டும். மருந்து இட்டதிலிருந்து மூன்றாம் நாளுக்குப் பிறகு வழக்கமான நீர்ப்பாசனம் தொடரலாம், ஆனால் முதல் பத்து நாளில் வயல் காய்ந்து வெடிக்க விடக் கூடாது. இயந்திர நடவு என்றால் நாற்று இளசாகவும் குட்டையாகவும் இருக்கும்; அது மூழ்காத அளவுக்குத் தண்ணீரைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

தொலைவில் இருப்பவருக்கு ஒரு வழி சொல்கிறேன். ஒரு மூங்கில் குச்சியில் 2.5, 5 சென்டிமீட்டர் உயரங்களில் பெயிண்ட் கோடு போட்டு, நடவன்றே வயலின் மேட்டுப் பக்கம் ஒன்று, பள்ளப் பக்கம் ஒன்று என ஊன்றிவிடுங்கள். காலையும் மாலையும் அந்த இரண்டு குச்சிகளின் படத்தை அனுப்பச் சொன்னால் போதும். "தண்ணி நிக்குது தம்பி" என்ற சொல்லில் எத்தனை சென்டிமீட்டர் என்பது இராது.

சம்பாவுக்கு நடுபவர்களுக்கு மழையும் ஒரு கணக்கு. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். மருந்து போட்ட இரவே வயல் வழிந்தால் அடுத்த நாள் செய்வதற்கு ஒன்றுமில்லை. கனமழை எச்சரிக்கை இருந்தால், குருணை அல்லாத மருந்துக்கு ஐந்தாம் நாள் வரை காத்திருங்கள். அதற்கும் இடம் கிடைக்காவிட்டால் முளைத்தபின் தெளிக்கும் முறைக்கு மாறிவிடுவதே மேல். வழிந்தோடும் வயலில் மருந்தைக் கொட்டினால் அது வாய்க்கால் மீனைத்தான் கொல்லும். பியூட்டாகுளோர் மீனுக்குக் கடும் நஞ்சு.

பதினேழாம் நாள்

சனிக்கிழமை காலை வயலை நான்கு இடத்தில் இறங்கிப் பாருங்கள். களை அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் தெளிக்க வேண்டியதில்லை, முப்பதாம் நாள் கைக்களையே போதும். பரவலாக இருந்தால் எந்தக் கூட்டம் என்று பார்த்துத் தெளியுங்கள். கலப்பாக இருந்தால் பிஸ்பைரிபாக் சோடியம் 10 எஸ்.சி. (நுண்தூள் மிதக்கும் திரவம்) ஏக்கருக்கு 80 முதல் 100 மில்லி. புல் மட்டுமே, அதிலும் பிஸ்பைரிபாக்குக்கு அவ்வளவாக அடங்காத சீலைப்புல் இருந்தால், சைஹாலோஃபாப் பியூட்டைல் 10 ஈ.சி. ஏக்கருக்கு 300 முதல் 320 மில்லி. அகன்ற இலையும் கோரையும் மட்டும் என்றால் மெட்சல்ஃபியூரானும் குளோரிமியூரானும் கலந்த 20 சதத் தூள் ஏக்கருக்கு வெறும் 8 கிராம். இதைக் கண்ணளவாகப் போடவே முடியாது. புல்லுக்கும் அகன்ற இலைக்கும் தனித்தனி மருந்து வேண்டியிருந்தால் சைஹாலோஃபாப்போடு மற்றதைக் கலக்காமல் ஒரு வாரம் இடைவெளி விடுங்கள், இல்லையேல் புல் மீதான வேலை மட்டுப்படும்.

2,4-டி சோடியம் உப்பு மலிவானது, அகன்ற இலைக் களைக்கு இன்றும் பயன்படுகிறது. ஆனால் பக்கத்தில் பருத்தி, தக்காளி, திராட்சை, உளுந்து இருந்தால் அதன் சாரல் பட்டே அவை சுருண்டுவிடும். நெல் பொதி கட்டத் (உறைக்குள் கதிர் உருவாகத்) தொடங்கிய பின்பும் அதைத் தெளிக்கக் கூடாது.

தெளிக்கும் முறை முன்னதற்கு நேர் எதிர். இங்கே மருந்து களையின் இலையில் பட வேண்டும். ஆகவே முந்தைய மாலையே தண்ணீரை வடித்து, சேறு ஈரமாகவும் களை முழுவதும் வெளியே தெரியும்படியாகவும் வைக்க வேண்டும். விசிறி வடிவில் பாயும் நுனிக்குழாய் பொருத்திய கைத்தெளிப்பானே ஏற்றது. பூச்சிமருந்துக்குப் பயன்படும் கூம்பு நுனி சாரலைப் பறக்கவிடும். வெயில் ஏறும் முன், காற்று அடங்கிய நேரத்தில், அடுத்த ஆறு மணி நேரத்துக்கு மழை வராது என்ற நிலையில் தெளியுங்கள். இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் கட்டி, ஒரு வாரமாவது 5 சென்டிமீட்டர் நிறுத்துங்கள். இந்தத் தண்ணீர்தான் அடுத்த தலைமுறைக் களையை முளைக்கவிடாமல் தடுக்கிறது. தண்ணீர் முறை இந்த நாட்களில் வருமா என்று உறுதி செய்யாமல் வயலை வடிக்கக் கூடாது.

ஒரு டேங்குக்கு எவ்வளவு மருந்து என்பதை ஆளின் நடையை வைத்துத்தான் கணக்கிட முடியும். 20 அடிக்கு 22 அடி இடத்தைக் கயிறு கட்டி அளந்துகொள்ளுங்கள். அது ஒரு சென்ட். தெளிப்பவரை வெறும் தண்ணீரோடு வழக்கமான நடையில் அந்த இடத்தைத் தெளிக்கச் சொல்லி, எவ்வளவு தண்ணீர் குறைந்தது என்று அளவுக் குவளையால் பாருங்கள். ஒன்றேகால் லிட்டர் என்றால் ஏக்கருக்கு 125 லிட்டர். 16 லிட்டர் டேங்க் ஏறக்குறைய எட்டு. ஏக்கருக்குரிய 100 மில்லி பிஸ்பைரிபாக்கைப் பங்கிட்டால் டேங்குக்கு சுமார் 13 மில்லி. கால் மணி நேர வேலை இது. இதைச் செய்யாமல் "டேங்குக்கு ஒரு மூடி" என்று ஊற்றும் வயல்களில்தான் ஒரு பட்டை எரிந்தும் மறு பட்டை பச்சையாகவும் நிற்கிறது.

தெளித்த மறுநாள் களை அப்படியே நிற்பதைப் பார்த்துப் பதற்றம் வேண்டாம். பிஸ்பைரிபாக் களையின் வளர்ச்சியை நிறுத்திவிடும். மஞ்சள் தட்ட ஒரு வாரமும் முழுதாகச் சாக இரண்டு மூன்று வாரமும் ஆகும். நெல்லும் சில நாள் இளமஞ்சளாகித் திரும்பவும் பசுமை பெறும். இடையில் இரண்டாம் முறை தெளிப்பதுதான் பயிரைக் கெடுக்கும்.

பிறகு

தெளிப்பானை மும்முறை கழுவி, அந்த நீரை அதே வயலில் ஊற்ற வேண்டும், வாய்க்காலில் அல்ல. களைக்கொல்லிக்கென்று ஒரு தெளிப்பான் தனியாக இருப்பது சிறந்தது; 2,4-டி தெளித்ததைச் சலவைச் சோடா கரைசலில் ஊற வைத்துக் கழுவாமல் காய்கறிக்குக் கொண்டு போகக் கூடாது. காலிப் பாட்டிலைத் துளையிட்டு ஒதுக்குங்கள்; அதில் எண்ணெய் வாங்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. எவருக்காவது மயக்கமோ வாந்தியோ ஏற்பட்டால் லேபிளோடு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தில்லி எய்ம்ஸின் தேசிய நச்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைக்கலாம். பயிர் குறித்த ஐயங்களைக் கிசான் அழைப்பு மையத்தின் 1800 180 1551 எண்ணில் தமிழிலேயே கேட்கலாம்.

முப்பத்தொன்றாம் நாள் கைக்களைக்கு ஆள் சொல்லும்போது, கதிர் தள்ளும் முன் குதிரைவாலிப் புல்லை வேரோடு எடுத்து வரப்புக்கு வெளியே கொண்டு போகச் சொல்லுங்கள். விதை கொட்டினால் அடுத்த பருவத்தின் சேற்றில் அது கிடக்கும். வரிசை நடவாக இருந்தால் அதற்கு முன்பே கோனோவீடரை (வரிசைக்கு நடுவே தள்ளிக் களையைச் சேற்றில் அமுக்கும் கைக்கருவி) ஓரிரு முறை ஓட்டலாம். மருந்துச் செலவே குறையும்.

கடைசியாக, இந்தப் பருவத்தில் போட்ட மருந்தின் வேதிப்பெயரை, வணிகப் பெயரை அல்ல, எழுதி வையுங்கள். பைரசோசல்ஃபியூரான், பென்சல்ஃபியூரான், பிஸ்பைரிபாக், மெட்சல்ஃபியூரான் ஆகிய நான்கும் பெயரில் வேறானாலும், களையின் உடலில் ஒரே நொதியைத்தான் முடக்குகின்றன. பருவம்தோறும் இவற்றுக்குள்ளேயே மாற்றிக்கொண்டிருந்தால் மருந்தை மாற்றியதாகாது. தாங்கிப் பிழைக்கும் களை மட்டும் பெருகும். இந்தக் குருவைக்கு இவற்றில் ஒன்றை இட்டிருந்தால், அடுத்து வரும் தாளடிப் பருவத்துக்குப் பியூட்டாகுளோரையோ தனிப் பிரெட்டிலாகுளோரையோ வாங்கச் சொல்லுங்கள்.